பின்னால் உட்காருபவர்: 54 கிலோ

ஐம்பத்து நான்கு கிலோ எடையுள்ள ஒருத்தி என் வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்காரப் போகிறாள் என்பதை, ஸ்பிரிங் கம்பெனிக்காரன் அனுப்பிய படிவத்தைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை காலை, துவைக்கப் போடும் முன் அவர் சட்டைப் பையைத் துழாவியபோது நாலாக மடித்த தாள் வந்தது. வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் புது ஸ்பிரிங் செய்து தர என்னென்ன விவரம் வேண்டும் என்று அச்சடித்திருந்தது. எதிரே அவருடைய கையெழுத்து. ஓட்டுபவர் எடை, 68. பின்னால் உட்காருபவர் எடை, 54. இருவராகப் போவது எத்தனை நாள்? வாரம் ஒரு நாள், ஞாயிறு. எப்படிப்பட்ட சாலை? மலை. என்ன கோளாறு? இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் முழுக்க அமுங்கி இடிக்கிறது.

தாளை மூன்று முறை படித்தேன். நான் அந்த வண்டியில் உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஐம்பத்து நான்கு கிலோவாக இருந்து அதைவிடப் பல வருஷம் ஆகிறது. ஆக, அது நான் இல்லை. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, எனக்குத் தொண்டை வரைக்கும் எரிந்தது. சட்டையைத் துவைக்காமல் அப்படியே வாளியில் போட்டுவிட்டு கடைக்குக் கிளம்பினேன்.

என் பெயர் வடிவு. சந்தவாசலில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாகத் தைக்கிறேன், அதனால் ஒரு பெண் கடைப்படி ஏறும்போதே அவள் சுற்றளவைச் சொல்லிவிடுவேன். டேப் பிடிப்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. டேப்பைப் பிடித்து வாயால் ஒரு எண் சொல்வேன், நோட்டில் வேறொரு எண் எழுதுவேன். முப்பத்தெட்டு இருப்பவளிடம் "முப்பத்தாறுதான் கண்ணு" என்பேன், துணியை முப்பத்தெட்டுக்கு வெட்டுவேன். அவளும் முகம் மலர்ந்து போவாள், ரவிக்கையும் இறுக்காது. இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் சுரேஷ் இதற்கு நேர் எதிர். மலைமேல் நெல்லிமரத்தூரில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவது அவர் வேலை. சாமை, புளி, எது வந்தாலும் அவர் கை வழியாகத்தான் உள்ளே போகும். மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கிவிட்டு "நாப்பத்தெட்டரை" என்பார், மெஷினில் வைத்தால் நாற்பத்தெட்டு நானூறு காட்டும். சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். கழிக்க மறந்தார் என்று நிலையத்தாரும் சொன்னதில்லை, கூடக் கழித்தார் என்று மலைக்காரர்களும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருத்திக்கு ஐம்பத்து நான்கு என்று எழுதினால், அவள் ஐம்பத்து நான்குதான்.

அவள் யார் என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. ரேணுகாதேவி. அதே நிலையத்தில் புளி தரம் பிரிக்கும் மலைக்காரப் பெண். வயது இருபத்தெட்டோ ஒன்பதோ, புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இந்தப் புளி சீசன் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் சோற்றோடு அவள் பெயரையும் பரிமாறியாகிறது. "ரேணுகா புளியைக் கையில எடுத்தாலே ஈரம் எவ்ளோனு சொல்லிடுது." "ரேணுகா இன்னிக்கு இன்னா சொல்லிச்சு தெரியுமா?" எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. போன வாரம்தான் அவள் ரவிக்கைத் துணி ஒன்றையும் அளவு ரவிக்கை ஒன்றையும் அவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தாள். அளவு ரவிக்கையை மேஜையில் விரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு சுற்றளவுள்ள உயரமான பெண் ஐம்பத்து நான்கு கிலோ இருப்பாள். அந்த ரவிக்கையை எடுத்து அலமாரியின் அடித்தட்டில், கிழிசல் துணிகளுக்குக் கீழே வைத்தேன்.

நான் ஏன் வண்டியில் உட்காருவதை விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் மலைக்குப் போவோம். போகிற வழியில் எங்கேயாவது நின்று பலாச்சுளை வாங்கித் தின்போம், பேச்சு கொஞ்சம்தான் இருக்கும், ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக ஆறு நாள் தைக்கலாம். ஒன்றரை வருஷம் முன்னால் அப்படித் திரும்பி வரும்போது, என் கடைக்கு எதிரே இருக்கும் வேகத்தடையில் வண்டியின் முன்பக்கம் 'டங்'கென்று இடித்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, எனக்கு என் எடைக்குத்தான் சிரித்தார்கள் என்று பட்டது. வரும் வழியெல்லாம், ஒவ்வொரு வளைவிலும் அந்த டங் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். மறுவாரம் அவர் கூப்பிட்டபோது முதுகு வலி என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். பிறகு அவர் கூப்பிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை தனியாகவே எங்கேயாவது போய்விட்டு வந்தார்.

அந்த இடத்துக்கு இப்போது ஆள் வந்துவிட்டாள்.

மத்தியானம் கடையைப் பாதி இறக்கிவிட்டு மணிவேல் பட்டறைக்குப் போனேன். மணிவேல்தான் எங்கள் வண்டியைப் பார்க்கிறவன். என்னைவிட ஆறேழு வயது சின்னவன், அக்கா என்று கூப்பிடுவான்.

"அண்ணன் வண்டிக்கு இன்னாப்பா ஆச்சு?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"முன்னாடி ஸ்பிரிங் போய்ட்சுக்கா. தோ பாருங்க." அலமாரியிலிருந்து கைமுழ நீளத்துக்கு ஒரு சுருள் கம்பியை எடுத்துக் காட்டினான். "இது புதுசு. அண்ணன் வண்டில இருக்கறத கழட்டி வச்சுப் பாத்தேன், இத்தவிட ஒரு விரக்கடை குட்டை. பத்து வருசமா மலை ஏறி எறங்கி அமுங்கிப் போச்சு."

"அப்ப இதையே மாட்ட வேண்டியதுதான?"

"நானும் அத்தான்க்கா சொன்னேன். அண்ணன் ஒத்துக்கல. இது ஒரு ஆளு, தரைல ஓட்டறதுக்குப் போட்ட ஸ்பிரிங்கு. மலைல ரெண்டு பேரு எறங்கி பிரேக் புடிச்சா, பின்னாடி இருக்கறவங்க வெயிட்டும் முன்னாடி வந்து வுழும். அப்ப இது பூரா அமுங்கி அடில முட்டும். மேல பைப்பு துண்டு வச்சு முட்டுக் குடுத்தும் பாத்தாச்சு, வேலைக்கு ஆவல. கோயமுத்தூர்ல எடை சொன்னா அதுக்குத் தகுந்த கம்பில சுத்திக் குடுக்கறாங்க. அத்தான் வேணும்னாரு."

"ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான்க்கா. மூணு வாட்டி வந்து பேசிட்டுப் போய்ட்டாரு. பின்னாடி குந்தறவங்களுக்கு ஒரு இடி கூடத் தெரியக்கூடாதுன்றாரு."

கல்யாணமான பதினாலு வருஷத்தில் எனக்கு ஒரு இடி தெரியக்கூடாது என்று இந்த மனிதர் யாரிடமும் போய்ப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தையல் மெஷின் பெடலை மிதித்து மிதித்து என் முழங்கால் தேய்ந்தபோது, "தைலம் தேய்" என்று சொன்னதோடு சரி. அவள் இடுப்புக்கு மட்டும் கோயம்புத்தூரில் கம்பி சுற்றுகிறார்கள்.

மணிவேல் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "கெட்டியான ஸ்பிரிங்கா போட்டா, தனியா போறப்ப கை உதறும். லேசா போட்டா, ரெண்டு பேரு குந்துனா இடிக்கும். எதுனா ஒண்ணத்தான் எடுக்க முடியும். அதனாலதான் எடைய சரியா சொல்லணும்றது. மாட்டினதும் ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு அளந்து பாப்பேன். முப்பத்தஞ்சு மில்லி எறங்கினா கரெக்டு. நாப்பத்த தாண்டிச்சுனா யாரோ எடைய கொறச்சு சொல்லிட்டாங்கனு அர்த்தம்."

அவளுக்குக் குறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மலைக்குப் போனேன். புதன்கிழமைகளில் அவர் ஜீப்பில் தூரத்துக் கிராமங்களுக்குப் போய் புளி ஏற்றி வருவார், நிலையத்தில் இருக்க மாட்டார். கிழிசல்களுக்கு அடியிலிருந்து ரேணுகாவின் ரவிக்கையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போளூர் போய் மலை பஸ் பிடித்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நிலையத்தின் முன்னால் தார்ப்பாயில் புளியைக் கொட்டி வைத்துக் கொட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்த மாதிரியே உயரமாக, கம்பு போல நேராக இருந்தாள். வியர்வைகூட அவளுக்கு அழகாக இருந்தது, எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"வடிவக்காதான? அண்ணன் போன்ல போட்டோ பாத்திருக்கறேன்," என்று எழுந்து வந்தாள். "நீங்களே வந்துட்டீங்களா? அண்ணன்கிட்ட குடுத்து வுட்டிருக்கலாமே."

"அளவு ரவிக்கை கொஞ்சம் பழசா இருந்துச்சு. ஒருவாட்டி டேப் வச்சுப் பாத்துட்டு வெட்டலாம்னு வந்தேன்."

"அதுக்குன்னா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். உள்ளே குடோனுக்குக் கூட்டிப் போய்க் கைகளைத் தூக்கி நின்றாள். டேப்பைச் சுற்றினேன். முப்பத்திரண்டேதான், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"முப்பத்தி நாலு," என்றேன்.

பதினாறு வருஷத்தில் ஒருத்தியின் அளவை நான் கூட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். "அப்டியாக்கா? சரி," என்றாள். எண் எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான் போல. அந்த அலட்சியம் அவளுடைய இடுப்பைவிட என்னை அதிகம் எரித்தது.

மூலையில் எடை மெஷின் இருந்தது. என் வீட்டுக்காரர் தினமும் நிற்கும் இடம். "இதுல ஆளு ஏறலாமா?" என்று கேட்டேன்.

"ஏறலாம்க்கா. வேலை இல்லாதப்ப நாங்க இதே வேலையாத்தான் இருப்போம்," என்று சொல்லிவிட்டு ஏறி நின்றாள். சிவப்பு எழுத்தில் ஐம்பத்தைந்து இருநூறு வந்தது. புடவைக்கும் செருப்புக்கும் ஒரு கிலோ போகட்டும். மூட்டைக்குச் சாக்கைக் கழிக்கிற மாதிரி கழித்தேன். ஐம்பத்து நான்கு. எனக்கு வேறு சாட்சி எதற்கு?

"அக்கா, போன மாசம் எங்கம்மாவை போளூர் ஆஸ்பத்திரில சேத்தாங்க இல்ல, அன்னிக்கு பஸ் போய்ட்சு. அண்ணன்தான் வண்டில கொணாந்து எறக்கி வுட்டாரு. சொன்னாரா?"

"சொன்னாரு," என்றேன். சொல்லவில்லை. "வளைவுல எறங்கறப்ப வண்டி இடிச்சுதா?"

"இல்லியேக்கா. மெத்துனு போச்சு."

மெத்தென்று போயிருக்கிறது. அதே வண்டி, அதே பாதை, அதே அமுங்கிப்போன ஸ்பிரிங். நான் உட்கார்ந்தால் ஊரைக் கூட்டும், இவள் உட்கார்ந்தால் மெத்தென்று போகும். ஒரு இரும்புக் கம்பிகூட அவள் பக்கம்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் டீ போட்டு வருகிறேன் என்று வெளியே போனது நல்லதாயிற்று. அவள் தலை மறைந்ததும் நான் அந்த மெஷினில் ஏறி நின்றேன். ஏன் ஏறினேன் என்று கேட்காதீர்கள், புண்ணைத் தொட்டுப் பார்க்காமல் யாரால் இருக்க முடிகிறது. எழுபத்து மூன்று காட்டியது. எனக்கு நான் எதையும் கழித்துக்கொள்ளவில்லை.

அன்று சாயந்திரம் அவர் வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், டீ டம்ளருக்குப் பதிலாக அந்தத் தாளை எதிரே வைத்தேன்.

"யாருங்க இந்த அம்பத்தி நாலு?"

தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதான்."

"நானா?"

"வேற யாரு ஞாயித்துக்கெழமை என்னோட வருவாங்க?"

"நான் வண்டில குந்தியே ஒன்றரை வருசம் ஆவுது."

"அதுக்குத்தான ஸ்பிரிங்கு மாத்தறேன். முதுகு வலின்ன. முன்னாடி இடிக்கறதுனாலதான் வலிக்குதுனு பாத்தேன். இடி நின்னா வருவேனு ஒரு நெனப்பு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "வரலன்னாலும் வண்டிக்கு நல்லதுதான்."

நான் அதற்கும் மசியவில்லை. "அம்பத்தி நாலுனு யாரு சொன்னது?"

"நீதான் சொன்ன. மூணு வருசம் முன்னாடி ரத்தம் குடுக்கற முகாமுக்குப் போனமே. நீ மெஷின்ல ஏறி எறங்கி வந்த, நான் உன் பையப் புடிச்சிகினு நின்னேன். எவ்ளோனு கேட்டேன். அம்பத்தி நாலுன்ன."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கிறேன். கடையில் நாளெல்லாம் மற்றவர்களுக்குக் குறைத்துச் சொல்லிச் சொல்லி, அன்றைக்கு எனக்கும் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன், கொஞ்சம் தாராளமாகவே. சொன்ன அடுத்த நிமிஷம் மறந்தும் விட்டேன். அவர் மறக்கவில்லை.

விடவும் மனசில்லை. "அந்த ரேணுகாவ வண்டில ஏத்திகினு போனத ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கு எனக்கு சோறு போட்டிருப்பியா?"

போட்டிருக்க மாட்டேன். எழுந்து போய் டீ வைத்தேன்.

இத்தோடு என் பொறாமை தீர்ந்தது என்று நீங்கள் நினைத்தால் என்னைத் தெரியாது என்று அர்த்தம். ரேணுகாவை விட்டது, அவ்வளவுதான். அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளும் வடிவுதான், ஆனால் ஐம்பத்து நான்கு கிலோ வடிவு. என் வீட்டுக்காரர் மனசில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறவள் அவள். அவளுக்காகத்தான் மூன்று முறை பட்டறைக்கு நடந்தார், அவளுக்கு ஒரு இடி தெரியக்கூடாது என்றார். ஸ்பிரிங் வந்து மாட்டியதும் நான் உட்காருவேன், அது நாற்பதைத் தாண்டி இறங்கும், மணிவேல் அளவைப் படித்துச் சொல்வான், அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். பின்சீட்டில் நிஜமாகவே ஒருத்தி இருந்திருந்தால்கூட அவளை ஒரு கை பார்த்திருப்பேன். இவளை என்ன செய்வது?

பார்சல் வர பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் எப்போது வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சோறு போடும்போது வாய் வரை வரும், "எழுபத்தி மூணு" என்று சொல்ல நாக்குப் புரளாது. எடை போடுகிறவரிடம் போய், நீங்கள் நம்பிய எடை தப்பு என்று எப்படிச் சொல்வது? இரண்டு வேளை சோற்றை ஒரு வேளையாக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாளே தலை சுற்றி ஒரு பாவாடையை மாற்றி வெட்டிவிட்டேன். ரேணுகாவின் ரவிக்கையை மட்டும் முப்பத்திரண்டுக்கே சரியாக வெட்டித் தைத்து, கையில் அவள் கேட்காத பைப்பிங்கும் வைத்து அனுப்பினேன்.

பதினோராம் நாள் ஞாயிறு. "வர்றியா, மணிவேல் ரெண்டு பேரும் வரணும்றான்," என்றார். கசங்காத புடவையாக, கனமில்லாத புடவையாகத் தேடிக் கட்டிக்கொண்டு போனேன். நூறு கிராம் மிச்சமானாலும் மிச்சம்தானே.

மணிவேல் ஸ்பிரிங்கை மாட்டி எண்ணெய் ஊற்றி முடித்திருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் அவசரமாக ஒரு கந்தல் துணியை எடுத்து, மேஜைமேல் இருந்த அட்டைப்பெட்டிமேல் போட்டான். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் கட்டினான். வண்டி இறங்கும்போது அதுவும் கூடவே நகரும், நகர்ந்த தூரத்தை அளந்தால் போதும் என்றான்.

"அண்ணா, நீங்க ஒக்காருங்க. இப்ப அக்கா, நீங்க குந்துங்க. மெதுவா."

ஒன்றரை வருஷம் கழித்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அதனால் எடை குறையும் என்பது போல. வண்டி கொஞ்சம் தாழ்ந்து நின்றது. அவர் முதுகு என் மூக்குக்கு நேரே இருந்தது, பழைய சட்டை, பழைய வாசனை. மணிவேல் எங்களை இறங்கச் சொல்லிவிட்டுக் குனிந்து ஸ்கேலை வைத்தான்.

"முப்பத்தாறு," என்றான்.

"நல்லா பாருப்பா," என்றேன்.

"முப்பத்தாறுதான்க்கா. அச்சா இருக்கு. ஆனா அண்ணா, நான் மொதல்லயே சொன்னேன், தனியா போறப்ப கை உதறும். வாரத்துல ஆறு நாளு தனியாத்தான் போறீங்க. அப்பால என்னக் கேக்கக் கூடாது."

"ஆறு நாளுதான, பரவால்ல," என்றார் அவர்.

அவன் சொன்ன கணக்கு எனக்கு மறக்கவில்லை. ஐம்பத்து நான்குக்குச் சுற்றிய ஸ்பிரிங்காக இருந்தால் என்னைத் தாங்கி முப்பத்தாறில் நிற்காது, தனியாகப் போகும்போது அந்த அளவுக்குக் கையும் உதறாது. அவர்கள் இரண்டு பேரும் சாவியைத் தேடி அந்தப் பக்கம் திரும்பியபோது கந்தல் துணியைத் தூக்கினேன். அட்டைப்பெட்டியின் மேல் கம்பெனிக்காரன் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தான். 68 + 72. இருவர், மலை.

தாளில் ஐம்பத்து நான்கு என்று எழுதிவிட்டு, ஸ்பிரிங் கம்பெனிக்காரனிடம் எழுபத்து இரண்டு என்று சொல்லியிருக்கிறார். பதினாறு வருஷமாக நான் ஊருக்கெல்லாம் செய்ததை எனக்குத் திருப்பிச் செய்திருக்கிறார். மூட்டையின் காதைத் தூக்கி நாற்பத்தெட்டரை சொல்கிற மனிதருக்கு, பதினாலு வருஷம் பக்கத்தில் படுக்கிறவளின் எடை மட்டும் தெரியாது என்று நான் எந்தத் தைரியத்தில் நம்பினேன்? துணியை இருந்தபடியே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

"மலைக்குப் போலாமா?" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். என் கடையைத் தாண்டியதும் அந்த வேகத்தடை வந்தது. பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் இடுப்பைப் பிடித்தேன். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது, பின்சக்கரமும் இறங்கியது. சத்தமே இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போளூர் ரோட்டில் புளியமரங்களின் நிழல் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அவர் காதருகே குனிந்தேன்.

"எழுபத்தி ரெண்டு இல்லைங்க. எழுபத்தி மூணு."

அவர் திரும்பவில்லை. வண்டியின் வேகமும் குறையவில்லை.

"தெரியும்," என்றார். "பொடவைக்கும் செருப்புக்கும் ஒரு கிலோ கழிச்சேன்."